ஊத்து

என்ன வேலை என்று ரூவியில் யாராவது கேட்டால்
ஊத்துற வேலை என்பேன்.
பாரில் என்று நினைத்துக்கொள்வார்கள்.
மஸ்கட்டில் முப்பத்தெட்டு வீடு, நான்கு ஹோட்டல்,
ஒரு பல் ஆஸ்பத்திரி.
ஏசிக் குழாயோடு பூட்டிய மெஷினில்
மாதம் ஒருமுறை வாசனை எண்ணெய் ஊத்துகிறேன்.
வெள்ளைத் தேயிலை, கடல் உப்பு, அத்திப்பழம்.
பாட்டிலில் எழுதியிருக்கும் எதையும்
அந்த எண்ணெய் ஒருநாளும் பார்த்ததில்லை.

சேர்ந்த முதல் நாள்
வாசனையின் வரலாறு என்று பதினாலு ஸ்லைடு போட்டார்கள்.
எகிப்தில் ஒரு ராணி, ரோமில் ஒரு தூபக்கால்,
பிரான்சில் காய்ந்த பூ நிரப்பிய பீங்கான் கிண்ணம்,
அப்புறம் மெழுகுவர்த்தி, அப்புறம் ஸ்ப்ரே,
பதினாலாவதில் எங்கள் மெஷின்,
சாமி படம் மாதிரி பின்னால் ஒளிவட்டத்தோடு.
மரத்தைக் கீறியவன் எந்த ஸ்லைடிலும் இல்லை.
முதல் கீறலில் வடிவது மட்டம்,
பதினைந்து நாள் பொறுத்து மறுபடி கீறணும்,
மூன்றாவதற்குத்தான் விலை என்பதெல்லாம்
சலாலாவிலிருந்து லாரியில் லுபான் ஏற்றிவரும்
பகீத் சொல்லித்தான் தெரியும்.

அகில் என்று எங்களிடம் ஒரு சொல் உண்டு.
கூந்தலுக்குப் புகை காட்டிய கட்டை.
பத்தாம் வகுப்பில் அதற்குப் பொருள் எழுதி
இரண்டு மார்க் வாங்கினேன், மோந்ததில்லை.
முத்ரா சூக்கில் நகைத் தராசில் வைத்து நிறுக்கும்
இந்த ஊத்தும் அதுவும் ஒன்றுதான் என்று தெரிந்தபோது
கடன் கொடுத்தவனைக் கடல் தாண்டிப் பார்த்த மாதிரி
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
பத்து கிராம், என் அரை மாதச் சம்பளம்.

அறையில் ஆறு பேர்.
பொரித்த மத்தி, கொசுவத்தி, ஈர ஷூ.
நான் நுழைந்தால்தான் மூக்கைப் பொத்துவார்கள்:
வந்துட்டாரு ஹோட்டல் லாபி.
என் சட்டைக்கு வெளியே தனிக்கொடி
கட்டிக் கொடுத்திருக்கிறான் தேவசகாயம்.
வியாழனுக்குள் என் மூக்கு செத்துவிடும்.
வெள்ளி லீவு. சனி காலையில் பிழைத்து வரும்.

சனி முதல் வீடு, குர்ம் மேட்டில்,
கணக்கு டீச்சராக இருந்த ஸுவைனா அம்மாவுடையது.
மெஷின், மகள் வாங்கி மாட்டியது.
மூன்று வருஷம் முன் வந்த காய்ச்சல்
போகும்போது அவர் மோப்பத்தையும் எடுத்துப் போய்விட்டது.
அன்றைக்கு மெஷினை நிறுத்தச் சொன்னார்.
அரை மணி நேரம் உட்காரவைத்தார்.
பேரீச்சம்பழம், காவா.
பிறகு இந்தியில் கேட்டார்:
என் வீடு என்ன வாசனை?
மறைக்காமல் சொல்.

பூனை என்றேன்.
கார்ப்பெட்டில் எப்போதோ தண்ணீர் கொட்டியிருக்கிறது.
திரைச்சீலை மடிப்பில் பழைய புகை.
ஏதோ மருந்து, நெஞ்சில் தடவுவது.
எழுந்து நடந்தேன்.
மாடிப்படி ஏறும் இடத்தில்
ஏலக்காய், வேர்வை, கஞ்சி போட்ட ஆண் துணி.

எந்தப் படி என்றார்.
ஏழாவது.
ஏழாவது படிக்கு நேரே, சுவருக்குள் பதித்த அலமாரி.
திறந்து ஐந்து வருஷம் ஆகிறது என்றார்.
இன்னும் இருக்கிறதா?
இருக்கிறது.
எவ்வளவு?
கணக்கு டீச்சர்.
கால்வாசி என்றேன்.

உள்ளே போய்
கனலும் ஒரு சிறு துண்டு ஊத்தும்
மண்சட்டியில் வைத்து எடுத்து வந்தார்.
என் காலருக்குக் கீழே காட்டினார்,
பின் தன் முகத்துக்கு.
எரிச்சலில் கண் கலங்கியது, புகை வந்துவிட்டது என்று
அவருக்கு அதுதான் அடையாளம்.
ஊத்துக்குப் பின் உட்காருவதில்லை,
இந்த ஊர் வழக்கம். எழுந்துகொண்டேன்.

ஊத்திய அளவு என்ற கட்டத்தில்
சைபர் எழுதி நீட்டினேன்.
கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு
கையெழுத்துப் போட்டார்.

ஆபீசில் கேட்டார்கள்.
மெஷின் ரிப்பேர் என்றேன்.